நான்காம் பீரங்கி

மன்னரின் பெயரைப் பொதுவிடத்தில் வாசிக்கும்போது தும்மக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. சங்கு என்பவரின் மச்சினன் தும்மித் தொலைத்த பிறகுதான் தெரிந்தது. அவன் மரம் அறுக்கும் பட்டறையில் வேலை செய்கிறவன். மரத்தூள் அவன் மூக்கிலேயே குடித்தனம் நடத்தும். கடைத்தெருவில் நின்று அரசாங்க அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவன், "மாட்சிமை பொருந்திய மன்னர்" என்ற இடத்தில் ஒரு தும்மலும், "அவர்களின் நல்லாட்சி" என்ற இடத்தில் இன்னொரு தும்மலும் போட்டான். ஒற்றைத் தும்மல் என்றால் ஜலதோஷம், இரட்டைத் தும்மல் என்றால் சதி என்று சொல்லிக் கோட்டைச் சிறையில் தள்ளிவிட்டார்கள். அந்த வாரம்தான் மலைப்பக்கத்து ஊர்களில் கலகம் மூண்டு, வரி வாங்கக் குதிரையில் போனவர்கள் நடந்து திரும்பியிருந்தார்கள். அதனால் தும்மினவனுக்குத் தூக்கு என்று ஊரில் பேச்சு அடிபட்டது.

சங்கு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆற்றுத் துறையில் படகு கிளம்பும்போது கூவி ஆள் சேர்ப்பது அவருடைய வேலை. "அக்கரைக்கு ஏறுங்க, ஏறுங்க!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் அக்கரையில் இருக்கிறவன்கூட மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவான். ஆலைச் சங்கு பழுதான நாட்களில் அவர் குரலை வைத்தே வேலைக்குப் போனவர்கள் உண்டு. குரல்தான் அப்படி. மனசு கோழிக்குஞ்சு. சமையலறையில் தட்டு விழுந்தால் வாசல்வரை ஓடிவிட்டு, "என்ன சத்தம்?" என்று அங்கிருந்து கேட்கிற ஆள்.

"என் தம்பி இல்லாம இந்த வாசப்படியை மிதிக்காதீங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். "அப்பா அம்மா இல்லாத பிள்ளை. தூக்கி வளர்த்தவ நான். ஊரைக் கூட்டுற குரலை வச்சிருக்கீங்களே, போய் ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"பெரிய இடம்மா அது. நான் போய் என்னத்தக் கேக்கிறது?"

"வாயைத் திறந்து கேளுங்க. அவ்வளவுதான்."

கேட்டார். அதில்தான் வினையே வந்தது.

கோட்டை வாசலில் உச்சி வெயிலில் நின்று நின்று பார்த்தார். யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் அடிவயிற்றிலிருந்து, "ஐயா!" என்று ஒரு தடவை கூப்பிட்டார். காவல்காரர்கள் இரண்டு பேரும் துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தார்கள். மாடியில் ஏதோ கண்ணாடி நொறுங்கியது. எங்கோ ஒருவர், "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, தொப்பியை நேராக வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி வெளியே வந்தார். அவர்தான் மரியாதை இலாகாவின் அதிகாரி.

சங்கு தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "மன்னிச்சிடுங்க ஐயா. மச்சினன் விஷயமா..."

"இன்னொரு தரம் சொல்" என்றார் அதிகாரி.

"மச்சினன்..."

"அது இல்லை. அந்த 'ஐயா'."

அதிகாரியின் சங்கடம் ஊருக்குத் தெரியாது. கலகக்காரர்கள் கையில் சிக்கிவிடக்கூடாது என்று, கோட்டையில் இருந்த வெடிமருந்து அத்தனையையும் முந்தின நாள்தான் ஆற்றில் கொட்டியிருந்தார்கள். எதிரிக்குக் கிடைக்காமல் செய்ததற்காக ஒருவரை ஒருவர் பாராட்டி விருந்தும் சாப்பிட்டார்கள். விடிந்ததும் மன்னரின் பிரதிநிதியான பெரிய துரை காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தார். அவர் படியிறங்கினால் பீரங்கி முழங்க வேண்டும். முழங்கவில்லை. துரை படியிலேயே ஒரு காலைத் தூக்கினபடி நின்றுகொண்டார். மரியாதை இல்லாமல் காலைக் கீழே வைத்தால் மன்னரின் மானம் போய்விடுமாம். அப்படியே சாப்பாட்டைப் படிக்கே கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்கள்.

பறை அடிக்கலாம் என்றால் கலகக்காரர்களும் பறைதான் அடிக்கிறார்கள். மணி அடிக்கலாம் என்றால் தீப்பிடித்தால்தான் மணி. இந்த நேரத்தில்தான் சங்கு வாயைத் திறந்தார்.

"உன் மச்சினனை விட்டுவிடலாம்" என்றார் அதிகாரி. "மன்னரின் பிறந்தநாள் வருகிறது. நூற்றியொரு முழக்கம். அதைப் பிசகில்லாமல் நீ முழங்கி முடித்தால், அவன் மன்னிப்புப் பெற்று உன்னோடு வீட்டுக்கு வருவான். பிசகினால், ராஜ விசுவாசம் இல்லாத குடும்பம் என்று முடிவாகிவிடும். அவனுக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை."

"கூவுறது நம்ம தொழில்தானே ஐயா, கூவிட்டுப் போறேன்" என்றார் சங்கு.

"கூவக்கூடாது. முழங்க வேண்டும். மனிதன் கூவினால் அது கூச்சல். பீரங்கி முழங்கினால்தான் மரியாதை. ஆகவே இன்று முதல் நீ பீரங்கி."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று சங்கு நினைத்தார். மதில்மேல் ஏற்கெனவே மூன்று இரும்புப் பீரங்கிகள் இருந்தன. நான்காவது மேடையில் சக்கர வண்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அதன்மேல் அவரை ஏற்றி நிறுத்தி, இடுப்பில் ஒரு சங்கிலியையும் மாட்டினார்கள். உடம்பெல்லாம் கறுப்பு மை பூசினார்கள். நிறுத்துப் பார்த்து, இந்த எடைக்கு இவ்வளவு சத்தமா என்று தலையை ஆட்டிக்கொண்டார்கள். அவருக்கென்று ஒரு சிப்பாயும் வந்தான். கோட்டையில் ஆணி அடிப்பது, பூட்டு பழுது பார்ப்பது, தூக்குக் கயிறு கட்டுவது எல்லாம் அவன் ஒருத்தன்தான். எல்லோரும் அவனைக் கொல்லன் என்றார்கள். கொல்லன் எரிகிற திரியைக் கொண்டுவந்து சங்கின் காதருகே நீட்டுவான். சூடு பட்டதும் அவர் "டமார்!" என்று முழங்க வேண்டும். முழங்கி முடித்தால் நீளக் கம்பில் கட்டின துணியை வாய்க்குள் விட்டுக் குடைந்து துடைப்பான்.

"குமட்டுதுப்பா" என்பார் சங்கு.

"பேசாதண்ணே. பீரங்கி பேசுச்சுன்னா எனக்குச் சம்பளத்துல பிடிப்பாங்க."

சாப்பாட்டு நேரம் வந்தது, சாப்பாடு வரவில்லை. விசாரித்தால், பீரங்கிக்கு எண்ணெயும் கந்தல் துணியும்தான் ஒதுக்கீடு, சோறு கிடையாது என்றார்கள். எண்ணெயை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தான் ஆகவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். மனைவிதான் மதிலுக்கு வெளியே நின்று, கொல்லனைக் கெஞ்சிக் கயிறு விடச் சொல்லிச் சோற்றுப் பொட்டலம் கட்டி அனுப்புவாள்.

"தம்பியைப் பார்த்தீங்களா?" என்பாள் கீழே இருந்து.

"எங்கம்மா பாக்கிறது? அவன் கீழே நிலவறையில இருக்கான். நான் மேலே வண்டியில இருக்கேன்."

"இருக்கானா? உசுரோட இருக்கானா?"

"இருக்கான், இருக்கான். பிறந்தநாளுக்கு விட்டுடுவாங்க." சொல்லும்போதே தொண்டை அடைக்கும். உடனே பதறிப்போய் எண்ணெயைக் குடிப்பார். தொண்டை அடைத்தால் மச்சினன் கழுத்தில் கயிறு இறுகுகிற மாதிரி அவருக்கு ஒரு நினைப்பு. தூக்கத்திலும் தொண்டையைக் கையால் மூடிக்கொண்டுதான் படுப்பார்.

மலைப்பக்கத்துக் கலகம் ஊருக்கு ஊர் நெருங்கி வர வர, கோட்டைக்குள் மரியாதை அதிகமாகிக்கொண்டே போனது. பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும். அதிகாரிகளுக்கு மரியாதை தேவைப்படும். துரை எழுந்தால் முப்பத்தொன்று, உட்கார்ந்தால் முப்பத்தொன்று. மரியாதை அதிகாரிக்கு முதலில் ஒன்றும் கிடையாது. அவரே ஒரு நாள் தமக்கு ஏழு என்று தீர்மானித்துக்கொண்டார். துரையின் மனைவிக்குப் பல்வலி தீர்ந்ததற்குப் பதினொன்று. ஒவ்வொரு முழக்கத்துக்கும் கோட்டைக்குள்ளேயும் வெளியேயும் எல்லோரும் இருந்த இடத்தில் விறைத்து நின்று, நெற்றியில் கை வைக்க வேண்டும். கடைசி முழக்கம் ஓயும்வரை அசைந்தவன் கலகக்காரன்.

ஊர் பட்டபாடு சொல்லி மாளாது. சவரக்கடையில் கத்தி தொண்டைமேல் நின்றது. கிணற்றடியில் வாளி பாதியில் நின்றது. ஒரு வீட்டில் பிரசவம் பார்க்க வந்தவள் நெற்றியில் கை வைத்து நிற்க, பிள்ளை மட்டும் சட்டத்தை மீறிப் பிறந்துவிட்டது. அதைப் பற்றி விசாரிக்க ஒரு குழு போட்டார்கள்.

மனைவி மதிலடியில் வந்து நின்று பல்லைக் கடித்தாள். "கொஞ்சம் சின்னதா கத்தக்கூடாதா? காலையிலேர்ந்து மூணு தரம் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டுக்காரி என் முகத்துல முழிக்க மாட்டேங்கிறா. அவ புருஷன் கூரைமேல ஏறினவன், ரெண்டு நாளா முழுசா இறங்கலையாம்."

"சின்னதா கத்தினா சந்தேகப்படுவாங்கடி."

"ஊரே உங்களைத் திட்டுது. எனக்கு வெளியே தலைகாட்ட முடியல."

"திட்டட்டும். உன் தம்பி வரட்டும்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். சங்குக்கு அழுகை வந்தது. அழுதால் மை கரையும், மை கரைந்தால் கொல்லனுக்கு வேலை. ஆகவே அதையும் விழுங்கினார்.

ஒரு நாள் துரை தலைமுடி வெட்டிக்கொண்டதற்கு முழங்கும்போது, நடுவில் ஓர் இருமல் வந்துவிட்டது. சின்ன இருமல்தான். கோட்டையே உறைந்துபோனது. மரியாதை அதிகாரி மதில்மேல் ஏறிவந்து எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார்:

"இந்தப் பீரங்கி இருமியிருக்கிறது. ஏன்? நம்மிடம் ஏதோ குறை என்று கலகக்காரன் நினைக்கட்டும் என்பதற்காக. நம்மிடம் என்ன குறை? வெடிமருந்து இல்லை, அது குறையா? மூன்று மாதமாகச் சிப்பாய்களுக்குச் சம்பளம் இல்லை, அது குறையா? மன்னர் நம் கடிதங்களுக்குப் பதில் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது, அது குறையா? இல்லை. மரியாதை குறைந்தால்தான் குறை. ராஜ்யம் என்பது நிலமில்லை, படையில்லை. ராஜ்யம் என்பது ஒரு சத்தம். அது நின்றால் நாம் யார்? சம்பளம் வாங்காமல் வெயிலில் நிற்கிற சில பேர். அவ்வளவுதானே?"

சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே பாதிப் பேரைக் காணவில்லை. அதிகாரி அதையும் தம் பேச்சின் பலன் என்று எடுத்துக்கொண்டார். விசுவாசம் இல்லாதவர்கள் தாமே விலகிவிட்டார்களாம்.

இருமலுக்கு ஒரு புது விதி வந்தது. இனிமேல் நடுவில் பிசகினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். "பிறந்தநாள் அன்றைக்கு மட்டும் பிசகினால் எண்ணிக்கை மட்டும் இல்லை, உன் மச்சினன் கணக்கும் முடியும்" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சங்கு மூச்சுவிடவே பயந்தார்.

பிறந்தநாள் விடிந்தது. விடியும்போதே சங்குக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கோட்டைக்குள் மூட்டை கட்டுகிற சத்தம். ஆற்றில் பெரிய படகு. துரையின் மனைவி, நாற்காலிகள், அலமாரி, ஒரு குளியல் தொட்டி என்று வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. தூரத்தில் மரங்களுக்கு அப்பால் பறைச் சத்தம் கேட்டது.

கொல்லன் மதில்மேல் வந்தான். கையில் திரி இல்லை. சுத்தியலும் பெரிய ஆணிகளும் இருந்தன. முதல் பீரங்கியில் மருந்துக்குத் தீ வைக்கிற துளையில் ஓர் ஆணியை வைத்து 'ணங், ணங்' என்று அடித்து இறக்கினான். இரண்டாவதுக்கும் அடித்தான்.

"என்னப்பா பண்ற?" என்றார் சங்கு.

"கோட்டையை விட்டுப் போறாங்கண்ணே. பீரங்கியை எதிரிக்கு விட்டுட்டுப் போகக்கூடாதாம். துளையில ஆணி அடிச்சா அப்புறம் அது வெடிக்காது." மூன்றாவதிலும் அடித்தான். பிறகு சங்கைப் பார்க்காமல் ஆணிகளைப் பொறுக்கினான். "இது முடிஞ்சதும் கீழே போய் அவங்களுக்குக் கயிறு கட்டணும். கைதிங்களையும் விட்டுட்டுப் போகக்கூடாதாம். எல்லாத்துக்கும் நான் ஒருத்தன்தான் மிச்சம்."

"மூணுதானே பீரங்கி? அடிச்சாச்சே. கீழே போகாம அப்படியே ஓடிடேன்" என்றார் சங்கு.

"நாலுண்ணே" என்றான் கொல்லன். "காதுலதானே திரி வைப்போம். அதான் துளைங்கிறாங்க."

"ஐயா! அம்மா! நான் மனுஷன்யா!"

துரையும் மரியாதை அதிகாரியும் படகுக்குப் போகிற வழியில் மதிலுக்கு வந்தார்கள். துரைக்கு அவசரம். அதிகாரிதான் நிதானமாகப் பேசினார்.

"நீ மனிதன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இத்தனை நாளும் இங்கே முழங்கியது பீரங்கி இல்லை. பீரங்கி முழங்கவில்லை என்றால் துரைக்கு மரியாதை நடக்கவில்லை. மன்னரின் பிரதிநிதிக்கு இத்தனை நாள் மரியாதை நடக்கவில்லை என்றால் அது ராஜத் துரோகம். செய்தவன் நான், வாங்கிக்கொண்டவர் துரை. எங்கள் இரண்டு பேரையும் தூக்கில் போடவேண்டும். நாங்கள் துரோகிகளா?"

"ஐயோ, இல்லைங்க."

"அப்போது நீ பீரங்கி. வாதம் முடிந்தது. அடி."

"என் மச்சினன்? பிறந்தநாளுக்கு விடுறேன்னு சொன்னீங்களே!"

"நூற்றியொன்று முழங்கினால் என்றுதான் சொன்னேன். இன்று முழங்க நேரமில்லை. அரசாங்கம் வாக்கு மீறாது" என்றார் அதிகாரி.

கொல்லன் ஒரு கையால் சங்கின் தலையைச் சாய்த்துப் பிடித்தான். ஆணியின் நுனி காதில் சில்லென்று பட்டது. "கண்ணை மூடிக்கண்ணே" என்று சொல்லிச் சுத்தியலை ஓங்கினான். சங்குக்குக் கடவுள் நினைவு வரவில்லை, மனைவி நினைவு வரவில்லை. காதில் ஏதோ பட்டால் என்ன செய்வது என்று அந்த உடம்புக்கு ஒன்றே ஒன்றுதான் பழகியிருந்தது.

"டமார்!" என்று முழங்கினார்.

கொல்லன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு விறைத்து நின்று நெற்றியில் கை வைத்தான். துரையும் வைத்தார். அதிகாரியும் வைத்தார். படகில் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தவனும் வைத்தான். இத்தனை நாள் பழக்கம் இல்லையா? அதிகாரியின் வாய் அதுபாட்டுக்கு, "ஒன்று" என்றது. சொல்லிவிட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. மன்னரின் பிறந்தநாளன்று முதல் முழக்கம் ஒலித்தாயிற்று. நூற்றியொன்று முடியும்வரை அசைந்தவன் கலகக்காரன்.

சங்கு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அத்தனை பேரும் சிலையாக நிற்கிறார்கள். நிறுத்தினால் சுத்தியல், சுத்தியலுக்குப் பிறகு கயிறு. புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"டமார்!"

"இரண்டு" என்றார் அதிகாரி, அழாத குறையாக.

"நிறுத்தச் சொல்" என்றார் துரை, உதடு அசையாமல்.

"மன்னருக்கான முழக்கத்தை நிறுத்தச் சொல்வதா? தாங்கள் சொல்லுங்கள், கையொப்பம் இட்டு... மூன்று."

"கையை எடுத்தால்தானே கையொப்பம் போட முடியும்?"

"நான்கு."

கடலில் ஏற்றம் இறங்க, ஆற்றிலும் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. பறைச் சத்தம் மரங்களைத் தாண்டிக் கடைத்தெருவுக்கு வந்தது. சங்குக்குத் தொண்டையில் ரத்தக் கசிவு தெரிந்தது. ஒவ்வொரு "டமார்" சத்தமும் கத்தியை விழுங்கித் துப்புகிற மாதிரி இருந்தது. கீழே நிலவறையில் இருக்கிறவனை நினைத்துக்கொண்டு விடாமல் முழங்கினார். எண்பது தாண்டினபோது, வேண்டுமென்று இல்லை, உண்மையிலேயே இருமல் வந்துவிட்டது. மச்சினன் கணக்கு முடிந்தது என்றே நினைத்தார். ஆனால் முடிக்கிறவனே விறைத்து நிற்கிறானே! அதிகாரியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. விதி அவர் போட்ட விதி.

"ஒன்று" என்றார் மறுபடி.

படகு, குளியல் தொட்டியோடும் துரையின் மனைவியோடும் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்தது. கோட்டைக் கதவை மூடக் காவலுக்கு நின்றவன் நெற்றியில் கை வைத்தபடி நிற்க, கலகக்காரர்கள் அவனை ஒதுக்கி நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்கள். பல கோட்டைகளைப் பிடித்தவர்கள்தான். ஆனால் இப்படி மரியாதையோடு வரவேற்ற கோட்டையை அவர்கள் பார்த்ததில்லை. அவர்கள் மதிலைச் சூழ்ந்த பிறகுதான் சங்கு நிறுத்தினார், மற்றவர்களும் கையை இறக்கினார்கள்.

கலகக்காரர்களின் தலைவர் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மெலிந்த ஆள், மெதுவாகத்தான் பேசுவார். முதல் வேலையாக நிலவறையைத் திறந்துவிடச் சொன்னார். இரண்டாவது வேலையாக மதில்மேல் ஏறிவந்து, "மன்னருக்கு விசுவாசமாக இருந்தவர்கள் யார்?" என்று கேட்டார். "அவர்களுக்கு இன்றே தண்டனை."

துரை அந்தப் பாஷையே புரியாததுபோல் வானத்தைப் பார்த்தார். மரியாதை அதிகாரி சட்டையிலிருந்த பித்தளைப் பொத்தான்களை அதற்குள் பிய்த்து எறிந்திருந்தார்.

"நான் சும்மா நின்றேன்" என்றார். "நிற்பது விசுவாசமா? வெளியே நின்றேனே தவிர உள்ளே என் முழங்கால் கலகம் செய்துகொண்டிருந்தது. மன்னருக்காக வாயைத் திறந்தவன் இந்தக் கோட்டையில் ஒரே ஒருவன்தான். அதோ, அந்த வண்டிமேல் நிற்கிறானே! உங்கள் பறை கேட்ட பிறகும் நிறுத்தவில்லை பாருங்கள். நாங்கள் எத்தனையோ தடுத்தோம்."

எல்லோரும் சங்கைப் பார்த்தார்கள். சங்கு மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. சுத்தியலுக்குத் தப்பித்து இப்படியா என்று நினைத்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான் போலிருக்கிறது.

"சாட்சி?" என்றார் தலைவர்.

நிலவறையிலிருந்து வந்தவர்கள் வெயிலுக்குக் கண் கூசிப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவன் சங்கின் மச்சினன். தும்மினதற்கு உள்ளே போனவன். அத்தனை நாள் இருட்டில் கிடந்து, கூட இருந்தவர்கள் பேச்சைக் கேட்டு, நிஜமாகவே கலகக்காரனாகி வெளியே வந்திருந்தான். கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டே கத்தினான்:

"நான் சொல்றேன் சாட்சி! தினம் தினம் கேட்டேன் அந்தக் குரலை. ஒவ்வொரு முழக்கத்துக்கும் எங்களை எழுப்பி நிக்க வைப்பாங்க. கால் வீங்கிச் செத்தான் ஒரு கிழவன். வெளியே போனா முதல்ல அவன் கழுத்தை நெரிக்கணும்னு சத்தியம் பண்ணியிருக்கேன். எங்கே அவன்?"

கையை எடுத்தான். கறுப்பு மையும் வேர்வையும் வழிய வண்டிமேல் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தான். இன்னும் ஒருமுறை பார்த்தான்.

"மாமா?" என்றான் வாய்க்குள்.

சங்கு அவனைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையசைத்தார். உயிரோடு இருக்கிறான். அவருக்கு அது போதுமாயிருந்தது. மனைவியிடம் போய்ச் சொல்ல ஆள்தான் இல்லை. கண்ணிலிருந்து வழிந்தது, மை கரைந்தது, இப்போது கொல்லனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

"உனக்குத் தெரிந்தவரா?" என்றார் தலைவர்.

பையனுக்கு வாய் கோணிக்கொண்டது. இடுப்புச் சங்கிலியைப் பார்த்தான், காதில் இருந்த தீப்புண்ணைப் பார்த்தான், கீழே கிடந்த ஆணியைப் பார்த்தான். சத்தியம் பண்ணினவன் அவன். பக்கத்தில் அதே சத்தியம் பண்ணின இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள். மாமா என்று சொன்னால் இரண்டு பேருக்கும் கயிறு.

"இல்லைங்க" என்றான் கடைசியில். "இது ஆளே இல்லைங்க. பீரங்கி. சங்கிலி போட்டு வண்டியில ஏத்தியிருக்காங்க பாருங்க. பீரங்கியை யாராவது விசாரிப்பாங்களா? யார் கொளுத்தினாலும் வெடிக்கும். பிடிச்சா, பிடிச்சவனுக்குச் சொந்தம். இனி இது நம்ம பீரங்கிங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். நியாயமாகப் பட்டது போலிருக்கிறது. சங்குக்கு மூச்சு வந்தது.

"அப்படியானால் வெற்றிக்கு ஒரு முழக்கம் வேண்டாமா?" என்றது ஒரு குரல். பார்த்தால் மரியாதை அதிகாரி. "தலைவருக்கு நூற்றிமூன்று என்று வைத்துக்கொள்ளலாம். மன்னரைவிட இரண்டு கூட."

"சே!" என்றார் தலைவர். "எனக்கு மரியாதையா? அந்த வழக்கத்தை ஒழிக்கத்தானே வந்தோம். எனக்கு ஒன்றுகூட வேண்டாம்."

சங்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மரியாதை மக்களுக்குத்தான்" என்றார் தலைவர். "இனி மக்கள்தான் மன்னர். மக்களில் பெரியவன் சின்னவன் உண்டா? ஆளுக்கு ஒன்று. இந்த ஊரில் எத்தனை பேர்?"

"நாற்பதாயிரம் சொச்சம்" என்றார் அதிகாரி, சட்டென்று.

"ஆரம்பிக்கட்டும்."

கொல்லன் திரியைப் பற்றவைத்துக்கொண்டு வந்தான். மச்சினன் அவனிடமிருந்து திரியைக் கேட்டு வாங்கினான். வண்டியருகே வந்து நின்றான். சங்கின் காதில் படாமல், ஒரு சாண் தள்ளியே பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்க மாமா" என்று யாருக்கும் கேட்காமல் சொன்னான். "எனக்கு வேற வழி தெரியல. முதல் ஒண்ணை அக்காவுக்குப் போடுங்க."

சங்கு ஊர்ப்பக்கம் திரும்பினார். கூரைகளுக்கு நடுவில் அவர் வீடு எது என்று அங்கிருந்தே தெரியும். இந்நேரம் அடுப்பில் பால் வைத்திருப்பாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லாத குரலை எங்கிருந்தோ கூட்டிச் சேர்த்து வாயைத் திறந்தார். மதில்மேலும் தெருவிலும் எல்லோரும் விறைத்து நின்று நெற்றியில் கை வைத்தார்கள்.